ஓட்டில் தோற்ற கேப்டன்

பாந்தர் ஓடைப் பள்ளத்தாக்கில் ஈனாக் பார்டூவைத் தெரியாத மனிதரும் இல்லை, பன்றியும் இல்லை என்பார்கள். இலையுதிர் காலம் வந்ததும் மலைக்காட்டில் கொட்டை தின்று கொழுத்த பன்றிகளை வீடு வீடாகச் சேர்த்து, ஒரே மந்தையாக்கி, மலையிறங்கித் தெற்கு கரோலினாச் சந்தைக்கு ஓட்டிப் போவது அவர் தொழில். வழியெல்லாம் சேறு. ஆறுகளைக் கடக்க வேண்டும். பன்றியை அவசரப்படுத்தினால் எடை குறையும், மெதுவாக விட்டால் தீனிச் செலவு ஏறும். கிளம்பிய மந்தையில் முக்கால்வாசி போய்ச் சேர்ந்தாலே கெட்டிக்காரன் என்று பெயர். ஈனாக் ஏறக்குறைய முழு மந்தையையும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஒல்லியான, நீண்ட கால்களுள்ள மனிதர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் யாருக்கும் பிடித்தமாகப் பேசத் தெரியாது.

வடக்கு மாநிலங்களுக்கும் எங்கள் தெற்கு மாநிலங்களுக்கும் சண்டை மூண்ட வருஷம், ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றில், எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து நூறு சிப்பாய்கள் கொண்ட ஒரு கம்பெனி திரண்டது. அந்த நாளில் சிப்பாய்களே கைதூக்கிக் கேப்டனைத் தேர்ந்தெடுப்பார்கள். இத்தனை பேரை வர்ஜீனியா வரை நடத்திப் போக ஈனாக்கை விட்டால் யார் என்று எல்லோரும் அவருக்கே கை தூக்கினார்கள். ஜெத்ரோ என்கிற நானும் தூக்கினேன். சர்ச் படிக்கட்டில் நின்று அவர் பேசியது மொத்தமே ஒரு வாக்கியம்: "நான் கூட்டிட்டுப் போறேன், நானே கூட்டிட்டு வரேன்."

முன்வரிசையில் விதவை மஹாலா ஜென்ட்ரி நின்றிருந்தாள். அவளுடைய இரண்டு பையன்கள் ரூஃபஸும் ஏசாவும் அன்று பெயர் கொடுத்தார்கள்.

எதற்காகப் போனோம் என்று இப்போது கேட்பவர்களிடம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கள் மலையில் அடிமை வைத்திருந்த வீடுகள் சொற்பம். ஆனாலும் அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றத்தான் போனோம். அன்றைக்கு அதை அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் வடக்கத்தியான் நம் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டோம். சின்ன வயசு. ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையும் இருந்தது.

முதல் வருஷம் சண்டையே இல்லை. வர்ஜீனியாவில் முகாம் போட்டு மழையில் நனைந்தோம். ஈனாக் எங்களைப் படுத்தியபாடு கொஞ்சமல்ல. கழிப்பிடக் குழி தண்ணீருக்குக் கீழ்ப்பக்கம் தூரத்தில்தான் தோண்ட வேண்டும், தினமும் மண் போட்டு மூட வேண்டும். காலைக் கழுவிக் காட்ட வேண்டும். வரிசையாக நாங்கள் கட்டையில் உட்கார, அவர் குனிந்து ஒவ்வொரு பாதமாகப் பார்ப்பார். கொப்புளம் இருந்தால் திட்டு. சாராயம் கண்ணில் பட்டால் தரையில் கொட்டுவார்.

பையன்கள் பழிவாங்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர் "அணிவகு" என்றதும் பின்வரிசையில் யாராவது மெல்லிய குரலில் "சூ... யீ... சூ... யீ..." என்று பன்றியைக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் உறுமுவார்கள். அவர் முகம் மாறாது.

"கூப்பிட்டது சரியில்ல. கடைசில இழுத்துக் கூப்பிடணும், அப்பத்தான் வரும்" என்பார்.

குளிர்காலத்தில் ஒருவன் குடிநீர் ஓடைக்கு மேல்பக்கமே வெளிக்கு உட்கார்ந்து எழுந்து வந்தான். ஈனாக் அவனுக்கு அடியில்லாத பீப்பாயைத் தலைவழியாக மாட்டி முகாமைச் சுற்றி நடக்கவிட்டார். இராணுவத்தில் வழக்கமான தண்டனைதான். ஆனால் அவன் லெப்டினண்ட் வைலி ஸ்ட்ரௌடின் மைத்துனன்.

வைலி எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரரின் மகன். பிடில் வாசிப்பான், கதை சொல்வான், எவன் தோளிலும் கைபோட்டுப் பேசுவான். அவன் அப்பாவிடம் நான்கைந்து அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் பிரைமஸ் என்பவரைச் சமைக்கவும் துணி துவைக்கவும் வைலி கூடவே கூட்டி வந்திருந்தான். பிரைமஸுக்கு முப்பது வயதுக்குமேல் இருக்கும். அவருடைய மனைவி எங்கள் ஊரிலேயே வேறொரு வீட்டில் அடிமையாக இருந்தாள்.

அறுபத்திரண்டு வசந்தத்தில் புதுச் சட்டம் வந்தது. ஒரு வருஷத்துக்கென்று போனவர்கள் இன்னும் இரண்டு வருஷம் இருந்தாக வேண்டும். பையன்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கொதிப்பைத் தணிக்க, அதே சட்டத்தில் அதிகாரிகளை மறுபடியும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை வைத்திருந்தார்கள். சட்டம் போட்டவர்கள் கைக்கு எட்டவில்லை. ஈனாக் எட்டினார்.

நான் அப்போது தட்டம்மையில் ரிச்மண்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஒருநாள் கண் விழித்தால் கட்டில் ஓரத்தில் ஈனாக் உட்கார்ந்திருக்கிறார். இடுப்பில் வாள் இல்லை.

"என்ன கேப்டன், இங்க?"

"கேப்டன் இல்ல. வைலிதான் இப்ப கேப்டன். கை தூக்கச் சொன்னாங்க, எனக்கு ஏழெட்டுக் கைதான்."

"ஜென்ட்ரி பசங்க?" என்று கேட்டேன்.

"ஏசா தூக்கினான். ரூஃபஸ் அந்தப் பக்கம்." கொஞ்சம் யோசித்து, "சாப்பாடு போடுறாங்களா?" என்றார்.

பையிலிருந்து காய்ந்த ஆப்பிள் வில்லைகளை எடுத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். புதுச் சட்டம் முப்பத்தைந்து வயது வரைக்கும்தான், அவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. பதவி போனபின் அவரைப் பிடித்து வைக்க எந்தச் சட்டத்துக்கும் வழியில்லை.

ஊரில் நடந்ததை அவர் மனைவி டெல்ஃபியா பின்னாளில் எனக்குச் சொன்னாள். வந்த மனிதர் வேலி கட்டினார், சோளம் நட்டார், தோற்றதைப் பற்றி வாயே திறக்கவில்லை. டெல்ஃபியாவுக்கு அது சந்தோஷம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் பெண்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருநாள் மஹாலா வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஏம்ப்பா ஈனாக்கு, நீ வந்துட்ட. எம்புள்ளைங்க எங்க?"

"அவங்க அங்க இருக்காங்க அக்கா. இப்ப வைலி பாத்துக்கறான்."

"வைலி சர்ச் படியில நின்னு என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நீதான சொன்ன?"

அவ்வளவுதான் கேட்டாள், போய்விட்டாள். அவர் அன்று முழுக்கக் குதிரைக் கொட்டடியைச் சுத்தம் செய்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கொட்டடி. டெல்ஃபியாவுக்குப் புரிந்துவிட்டது.

"போகப் போறீங்களா?"

"சோளம் களை எடுத்துட்டுப் போறேன்."

"ஏங்க, உங்களுக்கு வெக்கமே இல்லையா? இத்தன வருஷம் பன்னி மேச்சீங்க. ஒரு பன்னியாவது உங்கள ஓட்டுப் போட்டு வெரட்டுச்சா?"

"வழியில விட்டுட்டு வந்தா மந்த என்னாகும்னு உனக்குத் தெரியும்."

"மனுசங்க மந்த இல்ல. வேணாம்னு சொல்லிட்டாங்க. சொன்னவன் வீட்டு வாசல்ல போய் நிப்பீங்களா?"

டெல்ஃபியா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை பின்னித் துணி மூட்டைக்குள் திணித்தாள்.

ஆகஸ்டில் வந்து சேர்ந்தார், சாதாரணச் சிப்பாயாக. நான் அப்போது குணமாகிக் கம்பெனிக்குத் திரும்பியிருந்தேன். முகாமில் எல்லோரும் சமைத்துக்கொண்டிருந்த நேரம். வைலி கூடாரத்திலிருந்து வெளியே வந்தான். அவன் முகத்தில் இருந்தது கோபமில்லை, சங்கடம்.

"ஈனாக் அண்ணே... உங்கள எப்படிக் கூப்பிடுறது?"

"பார்டூன்னு கூப்பிடுங்க, கேப்டன்."

"எதுக்கு வந்தீங்க? உளவு பாக்கவா? என் தப்பெல்லாம் எண்ணவா?"

"நடக்க வந்தேன். எங்க படுக்கணும்னு சொல்லுங்க."

மறுநாள் காலை அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ்ப்பக்கம் போய்க் குழி தோண்டினார். வைலி கேப்டனானபிறகு அந்த வேலையை எல்லோரும் மறந்திருந்தார்கள். யாரோ "சூ... யீ..." என்றான். ஒருவனும் உறுமவில்லை. ஏசா எழுந்து போய் இன்னொரு மண்வெட்டியை எடுத்தான்.

அடுத்த மாதம் மேரிலாந்துக்குள் போனோம். பாதிப் பேருக்குச் செருப்பில்லை. பச்சைச் சோளமும் பழுக்காத ஆப்பிளுமே சாப்பாடு. வயிறு போய், வழியெல்லாம் வேலியோரம் ஆட்கள் குந்திக் கிடந்தார்கள். ஈனாக் கம்பெனியின் கடைசியில் நடந்தார். தூங்கி விழுபவனைத் தொட்டு எழுப்புவார், சுமையை வாங்கிக்கொள்வார், மந்தையை ஓட்டுவதுபோல நாக்கைச் சொடுக்கிக்கொண்டே வருவார். ரூஃபஸ் ஒரு தடவை ரோட்டோரம் படுத்துவிட்டான்.

"என்னால ஆகாது அண்ணே. நீங்க போங்க."

"சரி, நானும் ஒக்காந்துக்கறேன்." பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சநேரம் கழித்து ரூஃபஸ், "உங்களுக்கு நான் ஓட்டுப் போடல, தெரியுமா?" என்றான்.

"தெரியும். கால நீட்டு, பாப்போம்."

கம்பளிக் காலுறையில் ஒரு ஜோடியை அவனுக்குப் போட்டுவிட்டுக் கூட்டி வந்து சேர்த்தார். மற்றக் கம்பெனிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. நாங்கள் ஏறக்குறைய முழுசாக ஷார்ப்ஸ்பர்க் சண்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். அது நல்லதாகப் போயிற்றா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முழுசாகப் போனதால் முழுசாகச் சுடப்பட்டோம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று வைலி ஸ்ட்ரௌட் பிரமாதமாக நின்றான். சோளக்கொல்லை ஓரத்தில் ஒரு வேலிக்குப் பின்னால் நாங்கள் கிடந்தோம். குண்டு வேலிக்கட்டைகளைச் செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டிருந்தது. வைலி நிமிர்ந்து வரிசை முழுக்க நடந்தபடி, "தாழ்த்திச் சுடு கண்ணு, தாழ்த்திச் சுடு, அவன் முட்டியப் பாரு" என்று பிடில் வாசிக்கும்போது பாடுகிற அதே குரலில் சொல்லிக்கொண்டு போனான். அந்தக் குரல் இல்லையென்றால் நாங்கள் ஓடியிருப்போம். ஈனாக் என் பக்கத்தில் கிடந்தார். காகிதத் தோட்டாவைக் கடித்துக் கிழித்தவர் மருந்தைக் குழலில் போடாமல் தரையில் கொட்டினார்.

மத்தியானம் வைலிக்குத் தொடையில் அடிபட்டது. லெப்டினண்டுகள் இரண்டு பேர் செத்துவிட்டார்கள். பின்வாங்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தபோது எங்களை நடத்திப் போக அதிகாரி இல்லை. எல்லோரும் ஈனாக்கைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். நடக்கிற வேலை அவருக்குத் தெரிந்த வேலை. எங்களை வாய்க்கால் வழியாகத் திருப்பிக் கூட்டிவந்தார். வைலியைப் போர்வையில் போட்டுத் தூக்கிய நான்கு பேரில் அவரும் ஒருவர்.

"நீங்களா தூக்குறீங்க?" என்றான் வைலி.

"பேசாம படுங்க. இன்னைக்கு நீங்க செஞ்சத நான் செஞ்சிருக்க மாட்டேன்" என்றார் ஈனாக். உண்மையைத்தான் சொன்னார்.

குளிர்காலத்தில் ரூஃபஸ் டைபாய்டு கண்டு செத்துப்போனான். குண்டுக்குத் தப்பியவன், நதிக்கரை முகாமில், போர்வைக்குள். ஈனாக்கும் ஏசாவும் உறைந்த மண்ணைக் கோடரியால் வெட்டிக் குழி எடுத்தார்கள். ஈனாக் மஹாலாவுக்குச் செய்தி எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன். அவர் சொன்ன நாலு வரிக்குமேல் ஒரு சொல்கூடச் சேர்க்கவிடவில்லை.

செத்த லெப்டினண்டுகளில் ஒருவர் இடத்துக்கு அந்த மாதமே தேர்தல் வந்தது. எல்லோரும் ஈனாக்கையே சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார்.

"ஏண்ணே, இன்னும் கோவமா?" என்று ஏசா கேட்டான்.

"கோவமெல்லாம் இல்ல. அதிகாரிப் பட்டைய மாட்டினா நான் சொன்னத நீங்க கேட்டாகணும். கேட்டாகணும்னாலே உங்களுக்குக் கோவம் மூக்குமேல வந்துரும். இப்ப நீங்களா கேக்குறீங்க. இப்படியே இருக்கட்டும்."

அதைக் கேட்டுக்கொண்டே பிரைமஸ் எங்கள் நெருப்பில் வைலியின் கெட்டிலை வைத்துக்கொண்டிருந்தார். வைலி ஊரில் காயம் ஆறி அப்போதுதான் திரும்பியிருந்தான். நான் சும்மா பேச்சுக்கு, "பிரைமஸ், நீ ஓட்டுப் போடுறதா இருந்தா யாருக்குப் போடுவே?" என்றேன்.

அவர் சிரித்தார். கெட்டில் மூடியைச் சரிசெய்தார். "நல்ல கேள்வி ஐயா. உங்களுக்கு ஒரு எசமான் பிடிக்கலேன்னா கையத் தூக்கி மாத்திக்கிறீங்க. மாத்தினது போதாதுன்னு மறுபடியும் மாத்துறீங்க. என்னைய இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." சிரிப்பு மாறாமலேயே சொன்னார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. ஈனாக் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி காலுறையைத் தைக்கத் தொடங்கினார்.

மறு கோடையில் பென்சில்வேனியாவுக்குள் போனோம். அங்கே செர்ரி மரங்கள் காய்த்துத் தொங்கின. எங்கள் படைக்காரர்கள் அந்த மாநிலத்திலிருந்த கறுப்பு மக்களை, சுதந்திரமாகப் பிறந்தவர்களையும் சேர்த்தே, பிடித்துக் கட்டித் தெற்கே அனுப்பினார்கள். நானே ரோட்டில் பார்த்தேன், பெண்களும் குழந்தைகளும். அதைப் பார்த்த மறுநாள் காலை பிரைமஸைக் காணோம். வைலியின் நெருப்பு மூட்டப்படாமல் கிடந்தது. கெட்டில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

வைலி எங்கள் பக்கம் வந்தான். காயம்பட்ட கால் இழுத்தது.

"பார்டூ, வழிதவறின உருப்படியத் தேடிப் பிடிக்கிறதுல உங்கள மிஞ்ச ஆளில்ல. ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போய் அவனக் கொண்டாங்க. மலைப் பக்கம்தான் போயிருப்பான்."

"நான் போக மாட்டேன், கேப்டன்."

"என்னது?"

"அவர் வழிதவறல. போக வேண்டிய பக்கம்தான் போயிருக்காரு. நான் மஹாலாக்கா பையனுக்காக வந்தேன். இதுக்கு வரல."

"இது உத்தரவு."

"தெரியுது."

அடிமை முறை தப்பென்று ஈனாக் அதற்குமுன் ஒரு தடவையும் சொன்னதில்லை. அவர் ஓட்டிப்போன பன்றிகளெல்லாம் பருத்தித் தோட்டத்து அடிமைகளுக்குச் சாப்பாடாகப் போட வாங்கப்பட்டவைதான். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ரோட்டில் கட்டிக் கொண்டுபோன பெண்களைப் பார்த்ததாலா, நெருப்போரம் கேட்ட பேச்சாலா, எதனால் அன்று அப்படிச் சொன்னார் என்று நான் பிற்பாடு கேட்டதற்கு, "காலைலயே அப்படித்தான் தோணுச்சு" என்று மட்டும் சொன்னார்.

வைலி அவருக்குப் பீப்பாய் மாட்டினான். தன் மைத்துனனுக்கு மாட்டியதை அவன் மறந்திருக்கவில்லை. நாற்பத்துமூன்று வயது மனிதர் அடியில்லாத பீப்பாய்க்குள் கையில்லாதவர் மாதிரி, பொழுதெல்லாம் முகாமைச் சுற்றினார். சிலர் சிரித்தார்கள். வேறு ரெஜிமெண்ட்காரர்கள் செர்ரிக் கொட்டையை எறிந்தார்கள். ஏசா அவரோடு கூடவே நடந்து தண்ணீர் கொடுத்தான். பிரைமஸைத் தேடி வேறு இரண்டு பேர் போய் வெறுங்கையோடு வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் கெட்டிஸ்பர்குக்குக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கே நடந்த பெரிய சண்டையையும் எங்கள் தோல்வியையும் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் எண்ணிச் சொல்லும்படி சிலர் மிஞ்சினோம்.

திரும்பி வரும்போது மழை. காயம்பட்டவர்களை ஏற்றிய வண்டிகள் சேற்றில் புதைந்தன. ஈனாக் வண்டிக்கு முன்னால் நடந்து தடியால் குத்திப் பார்த்து எங்கே சக்கரம் ஏறும் என்று காட்டிக்கொண்டே வந்தார். வைலி தானே இறங்கி வந்து சக்கரத்தில் தோள் கொடுத்தான். இருவரும் முழங்கால்வரை சேற்றில் நின்றார்கள்.

"அந்தப் பீப்பாய் விஷயம்..." என்று வைலி ஆரம்பித்தான்.

"பீப்பாய் நல்ல பீப்பாய். தோள்பட்டைலதான் கொஞ்சம் இடிச்சுது."

வைலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கவில்லை. அதன்பின் இருவருக்கும் இடையே பேசாத ஏற்பாடு ஒன்று வந்தது. சண்டை என்றால் வைலி. நடை, தண்ணீர், குழி, சோறு என்றால் ஈனாக். அறுபத்துநான்கில் பீட்டர்ஸ்பர்க் பதுங்குகுழியில், காலையில் சோளரொட்டி தின்றுகொண்டே ஏதோ வேடிக்கை சொல்ல நிமிர்ந்த வைலியை எங்கிருந்தோ வந்த குண்டு நெற்றியில் அடித்தது. ஈனாக் அவன் பிடிலைத் துணியில் சுற்றிக் கடைக்காரருக்கு அனுப்பிவைத்தார்.

அடுத்த ஏப்ரலில் எல்லாம் முடிந்தது. சரணடைந்து துப்பாக்கிகளை அடுக்கிவைத்தோம். வடக்கத்தியார் ஆளுக்குக் கொஞ்சம் பன்றிக்கறியும் பிஸ்கட்டும் கொடுத்து ஊருக்குப் போகச் சொன்னார்கள். பாந்தர் ஓடைக்காரர்கள் கைவிரலுக்குள் அடங்கினோம். ஈனாக் எங்களை உட்காரவைத்துப் பாதம் பார்த்தார். பிறகு நடந்தோம். ரயில்பாதை இருந்த இடங்களில் ரயில் இல்லை. வழியில் கொடுத்ததைத் தின்றோம், கொடுக்காத இடத்தில் பட்டினி.

பள்ளத்தாக்கில் டாக்வுட் மரங்கள் பூத்திருந்தன. அவர் தன் வீட்டைத் தாண்டி நேரே மஹாலா வீட்டுக்குப் போனார், ஏசாவைக் கூட்டிக்கொண்டு. நாங்களும் பின்னால் போனோம். மஹாலா முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்ததும் கையைத் துடைத்தாள். அவன் தோளைத் தொட்டாள், முகத்தைத் தொட்டாள். பிறகு ஈனாக்கைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் அக்கா" என்றார் அவர்.

அவள் அலசிய துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். அவர் தலை குனிந்து நின்றார். யாரும் போகவில்லை.

"ரூஃபஸ எங்க வச்சீங்க?"

"நதிக்கரையில. மேட்டுல. தண்ணி ஏறாது."

"ஆழமாத் தோண்டினீங்களா?"

"ஆழமாத்தான் தோண்டினோம்."

அவள் உள்ளே போய்ச் சோளமாவை எடுத்தாள். "எல்லாரும் ஒக்காருங்க. இருக்கறதப் போடுறேன்" என்றாள். சாப்பிடும்போது ஈனாக் அழுதார். நான் அவரை அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான். மஹாலா பார்க்காததுபோல அவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

பிரைமஸ் அடுத்த வருஷம் மனைவியைத் தேடி வந்தார். நல்ல கோட்டுப் போட்டிருந்தார். வடக்குப் படையில் வண்டி ஓட்டியதாகச் சொன்னார். கடைப்பக்கம் போகவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு டென்னஸி பக்கம் கிளம்பும்போது மலைப்பாதையில் ஈனாக்கைச் சந்தித்திருக்கிறார். ஈனாக் எந்தக் கணவாயில் பாலம் உடைந்திருக்கிறது, எந்த ஊரில் துப்பாக்கியோடு திரிகிறவர்கள் இருக்கிறார்கள், எதைச் சுற்றிப்போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லையாம்.

படைகள் பிடித்துத் தின்றுவிட்டுப் போனபின் பள்ளத்தாக்கில் பன்றிகளே இல்லை. ஈனாக் ஆப்பிள் போட்டார். மண் ஒத்துக்கொண்டது. ஏசா அவருடைய இரண்டாவது மகளைக் கட்டினான். மாமனும் மருமகனும் வேலி விஷயமாக வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள், ஆனால் அறுவடையைச் சேர்ந்தேதான் செய்தார்கள். ஊரில் போர் நினைவுக் கூட்டங்கள் ஆரம்பித்தபோது அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை போனார். வீரத்தைப் பற்றி எதிர்பார்த்தவர்களிடம் மேரிலாந்தில் பச்சைச் சோளம் தின்று வயிறு போனதைச் சொன்னார். மறுபடி கூப்பிடவில்லை.

அறுபத்தெட்டாம் வயதில், பிப்ரவரியில், நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார். டெல்ஃபியா அதற்குப்பின் பதினோரு வருஷம் இருந்தாள். ஓடைப்பக்கத்துத் தோட்டத்தை ஏசாவுக்கு எழுதிவைத்தாள். இப்போது அங்கே அவன் பையன்கள் பழம் பறிக்கிறார்கள்.